கருவிலிருந்து இருபது வயது வரை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிராம சுகாதாரச் செவிலியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசி போட்ட நேரத்தைவிட, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாக்களும் பாட்டிகளும் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்ன நேரம்தான் அதிகம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை வயது வரிசையில் இங்கே எழுதியிருக்கிறேன்.

எல்லாக் கேள்விக்கும் அடியில் இருந்தது ஒரே பயம்: "எம் புள்ள மத்த புள்ளைங்க மாதிரி வளருதா நர்சம்மா?" வளர்ச்சிக்கு ஒரு வரிசை உண்டு, அது பெரும்பாலும் மாறாது. வேகம் மட்டும் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். எவ்வளவு மாறலாம், எதைத் தாண்டினால் காத்திருக்கக்கூடாது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயம் இருக்கட்டும், அதுதான் நம்மை உரிய நேரத்தில் மருத்துவரிடம் கூட்டிப்போகும்.

ஸ்கேனில் எட்டு வாரம் என்கிறார்கள். எங்கள் கணக்கில் ஆறு வாரம்தான் வருகிறது. எது சரி?

இரண்டும் சரிதான். கரு எந்த நாளில் உருவானது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் மருத்துவர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அப்படி எண்ணினால் பிரசவத்துக்கு 280 நாள், அதாவது 40 வாரம். கரு உண்மையில் உருவாவது அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. ஆகவே குழந்தையின் உண்மையான கருப்பை வாழ்க்கை 266 நாள்தான்.

இதை முதல் கேள்வியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. கணவர் வெளிநாட்டிலிருந்து வந்து ஆறு வாரம்தான் ஆகியிருக்கும், ஸ்கேன் தாளில் எட்டு வாரம் என்று இருக்கும். இந்த இரண்டு வாரக் கணக்குத் தெரியாமல் ஒரு பெண்ணைச் சந்தேகப்பட்டுப் பேசிய வீட்டை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

கருவில் எந்த உறுப்பு முதலில் வேலை செய்யத் தொடங்குகிறது?

இதயம். அதற்கு முன்னால் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். கருமுட்டை வெளிவந்தபின் சுமார் ஒரு நாள்தான் உயிரோடிருக்கும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். இரண்டும் சேருவது கருப்பையில் அல்ல, கருக்குழாயில். சேர்ந்த ஒற்றை உயிரணு இரண்டாக, நான்காகப் பிரிந்துகொண்டே நகர்ந்து, ஐந்தாறு நாளில் கருப்பைக்கு வந்து அதன் சுவரில் பதிகிறது.

கரு உருவான ஏறக்குறைய 22ஆம் நாளில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. 28ஆம் நாளுக்குள் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக் குழாய் மூடிக்கொள்கிறது. அந்தக் குழாய் சரியாக மூடாவிட்டால் முதுகுத்தண்டில் பிளவு போன்ற குறைகள் வரும். அதைப் பெருமளவு தடுப்பது ஃபோலிக் அமிலம் என்ற சத்து. சிக்கல் எங்கே என்றால், "நாள் தள்ளிப்போச்சு" என்று ஒரு பெண் உறுதிசெய்து மருத்துவமனைக்கு வருவதற்குள் அந்த 28 நாளும் முடிந்துவிடுகிறது. அதனால்தான் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை எடுக்கச் சொல்கிறோம். விலை அதிகமில்லாத, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிற மாத்திரை இது.

எட்டு வாரக் கருவில் எல்லா உறுப்புகளுக்கும் அடித்தளம் விழுந்துவிடும். அப்புறம் நடப்பது பெருக்கமும் முதிர்ச்சியும். முதல் பிள்ளை என்றால் அசைவு தாய்க்கு 18 முதல் 20 வாரத்தில் தெரியும், அடுத்த பிள்ளைக்குச் சற்று முன்பே. ஆறாம் மாதம் முடியும் சமயத்தில் குழந்தை வெளிச் சத்தத்துக்கு அசைந்து கொடுக்கும். அம்மாவின் குரலைப் பிறந்த குழந்தை அடையாளம் காண்பது இந்தப் பழக்கத்தால்தான். நுரையீரல் கடைசியாக முதிர்கிறது. அதனால்தான் 37 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைகளுக்கு மூச்சு பெரிய சவால்.

ஆணா பெண்ணா என்பது யாரால் முடிவாகிறது?

தந்தையின் விந்தணுவால். தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான் இருக்கும். விந்தணுவில் எக்ஸ் அல்லது ஒய். ஒய் வந்தால் ஆண். மூன்றாவதும் பெண் என்று மருமகளைக் குறைசொல்லும் மாமியார்களுக்கு இதைப் பொறுமையாக விளக்கியிருக்கிறேன், சிலர் கேட்டுக்கொண்டார்கள். பிறக்கும் முன் பாலினம் பார்த்துச் சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

"முதல் ஆயிரம் நாள்" என்கிறார்களே, அது என்ன கணக்கு?

கர்ப்பகாலம் ஏறக்குறைய 270 நாள், முதல் இரண்டு வயது 730 நாள். கூட்டினால் 1000. பிற்கால உடல்நலத்தின் பெரும்பகுதிக்கு அடித்தளம் விழுவது இந்தக் காலத்தில்தான். இதற்குச் சோகமான ஒரு சான்று நெதர்லாந்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944–45இல், அங்கே கொடும் பஞ்சம். அப்போது வயிற்றிலிருந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் பட்டினியைச் சந்தித்தவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வந்திருந்தது தெரிந்தது.

நம் பக்கம் பஞ்சம் இல்லாமலேயே ஒரு பட்டினி நடக்கிறது. "நெறைய சாப்பிட்டா புள்ள பெருசாயிடும், பிரசவம் கஷ்டமாயிடும்" என்று கர்ப்பிணிக்குச் சோற்றைக் குறைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைக்கு நோயும் அதிகம், வளர்ச்சியில் பின்தங்கும் வாய்ப்பும் அதிகம். கர்ப்பிணி எடை மொத்தம் 10 முதல் 12 கிலோ கூட வேண்டும், உடல் மெலிந்தவர்கள் இன்னும் சற்று அதிகம். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் வரை கொடுப்பது இந்த நாட்களில் தாய் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்பதற்குத்தான். அந்தப் பணம் முட்டையும் பயறும் பாலும் ஆகட்டும். வட்டி கட்டப் போய்விட வேண்டாம்.

பிறந்தபோது மூன்று கிலோ. நான்காம் நாள் 2.8 கிலோதான். பால் போதவில்லையா?

பயப்பட வேண்டாம். முதல் சில நாட்களில் உடலிலுள்ள கூடுதல் நீர் வெளியேறுவதால் எடை குறைவது இயல்பு. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் சரி, பொதுவாக இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்டிவிடும். அதைத் தாண்டிக் குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து பால் குடிக்காவிட்டாலோ உடனே காட்டுங்கள்.

இந்த நாட்களில் செய்யக்கூடாதவற்றைத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. சேனை வைக்கிறோம் என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்காதீர்கள். தேனிலுள்ள ஒருவகைக் கிருமி ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நரம்பையே முடக்கிவிடக்கூடும். தெருவில் விற்கும் கழுதைப் பால் வேண்டாம். பிறந்த குழந்தையின் மார்பு லேசாக வீங்கியிருந்தால் பிதுக்காதீர்கள். அது தாயிடமிருந்து வந்த ஹார்மோனால் வருவது, தானே வற்றிவிடும். பிதுக்கினால் சீழ் பிடிக்கும். மஞ்சளாக, கொஞ்சமாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். அதுதான் குழந்தையின் முதல் தடுப்பு மருந்து. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம்.

எடையும் உயரமும் எவ்வளவு இருந்தால் சரி?

மனப்பாடம் செய்ய எளிய கணக்கு: பிறந்த எடை ஐந்தாறு மாதத்தில் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு, இரண்டு வயதில் நான்கு மடங்கு. பிறக்கும்போது நீளம் ஏறக்குறைய 50 செ.மீ. ஒரு வயதில் 75, நான்கு வயதில் 100. ஒரே ஆண்டில் 25 செ.மீ. வளர்வது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். நான்கு வயதுக்குப் பிறகு பூப்புப் பருவம் வரை ஆண்டுக்கு 5, 6 செ.மீ.

தலையை மறக்கக்கூடாது. பிறக்கும்போது சுற்றளவு 34, 35 செ.மீ., ஒரு வயதில் 46. முதல் ஆண்டில் தலை இவ்வளவு வேகமாக வளர்வதற்குக் காரணம் உள்ளே மூளை வளர்வது. உச்சிக்குழி அதற்காகத்தான் திறந்திருக்கிறது. பொதுவாக 9 முதல் 18 மாதத்துக்குள் மூடிக்கொள்ளும். எண்ணெய் வைத்து அழுத்தினால் சீக்கிரம் மூடாது, மூடவும் வேண்டாம்.

தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் உள்ள வளர்ச்சி வரைபடம் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோல். பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நல்ல சூழலில் வளர்ந்த, தாய்ப்பால் குடித்த குழந்தைகளை அளந்து போட்டது. நம் டெல்லிக் குழந்தைகளும் அதில் இருக்கிறார்கள். அதில் கிடைத்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது: நன்றாகச் சாப்பிட்டு நோயின்றி வளர்ந்தால், ஐந்து வயது வரை எந்த நாட்டுக் குழந்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளர்கிறது. "நம்ம சாதிக்கே குள்ள உடம்பு" என்ற பேச்சு சிறு குழந்தைக்குப் பொருந்தாது.

அட்டையில் புள்ளி எங்கே இருக்கிறது என்பதைவிட, புள்ளிகளைச் சேர்த்த கோடு எப்படிப் போகிறது என்று பாருங்கள். கீழ்ப்பக்கமாக இருந்தாலும் தன் பாதையில் ஏறிக்கொண்டே போனால் நல்லது. மேலே இருந்த பிள்ளை மூன்று மாதமாக எடை கூடாமல் படுக்கைக்கோடாகப் போனால் அதுதான் கவலை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் புள்ளி உங்கள் அட்டையில் இல்லை.

பத்து மாதம் ஆகிவிட்டது, இன்னும் தவழவில்லை. காத்திருக்கலாமா?

மற்றவை சரியாக இருந்தால் காத்திருக்கலாம். மேலே சொன்ன ஆய்விலேயே இதையும் பார்த்தார்கள். பிடிமானமின்றி உட்கார்வது 4 மாதம் தொடங்கி 9 மாதம் வரை, கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது 5 முதல் 13½ மாதம் வரை, தனியாக நடப்பது 8 முதல் 17½ மாதம் வரை என்று இயல்பின் எல்லை விரிந்து கிடக்கிறது. ஏறத்தாழ நூற்றில் நான்கு குழந்தைகள் அப்படித் தவழவே இல்லை. பிட்டத்தால் நகர்ந்தோ நேரே எழுந்து நின்றோ நடந்துவிட்டார்கள். ஒன்பது மாதம் முடிந்தும் உட்காராத பிள்ளை, பதினெட்டு மாதம் முடிந்தும் நடக்காத பிள்ளை, கால் விறைப்பாகவோ துணிபோலத் துவண்டோ இருக்கும் பிள்ளை, ஒரு கையை மட்டுமே பயன்படுத்தும் கைக்குழந்தை, இவர்களை அழைத்துப் போயே ஆக வேண்டும்.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் இந்த வரிசையைக் கவனித்தே பருவம் பிரித்திருக்கிறார்கள். கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. கைகொட்டுவது சப்பாணி, அதை ஒன்பதாம் மாதத்தில் வைப்பார்கள். இன்றைய மருத்துவப் பட்டியலிலும் கைதட்டல் அந்த மாதத்தை ஒட்டித்தான் வருகிறது. தளர்நடை போட்டு அழைத்தால் வருவது வருகைப் பருவம்.

ஒரு வேண்டுகோள். உட்காரவைத்து உருட்டும் சக்கர வாக்கர் வேண்டாம். அதில் பிள்ளை நுனிக்காலால் உந்துமே தவிர நடக்கப் பழகாது. படியில் உருண்டு தலையில் அடிபடுவதும் அதிகம். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. நம் மரத்து நடைவண்டி வேறு. பிள்ளை தானே எழுந்து நின்று தன் பலத்தில் தள்ள வேண்டும்.

குறைமாதக் குழந்தைக்கும் இதே கணக்கா?

இல்லை. 32 வாரத்தில் பிறந்திருந்தால் எட்டு வாரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறந்து ஆறு மாதம் ஆனால் வளர்ச்சியில் நான்கு மாதக் குழந்தைபோல்தான் இருக்கும். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துப் பாருங்கள். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக்கூடாது, பிறந்த தேதிப்படிதான்.

இரண்டு வயதாகியும் பேசவில்லை. "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்கிறார்கள். பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம். இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னாலும் தவறில்லை. நடை தாமதமானால் வீடே கவலைப்படுகிறது. பேச்சு தாமதமானால் "வரும், வரும்" என்று விட்டுவிடுகிறோம். எனக்கு மிக நெருங்கிய சொந்தத்தில் ஒரு பெண்குழந்தை, இதே வார்த்தையைச் சொல்லி மூன்று வயது வரை விட்டுவிட்டார்கள். பரிசோதித்தபோது காது கேட்கவில்லை என்று தெரிந்தது. அவளுக்குப் பிறகு பேச்சு வந்தது, ஆனால் மற்ற பிள்ளைகள் விளையாட்டாகக் கற்றதை அவள் பயிற்சி மேல் பயிற்சியாகக் கற்க வேண்டியிருந்தது. அன்று நானும் "பார்க்கலாம்" என்று சொன்னவர்களில் ஒருத்தி. அது இன்றும் உறுத்துகிறது.

பேச்சு முதல் சொல்லில் தொடங்குவதில்லை. இரண்டாம் மாதம் முகம் பார்த்துச் சிரிப்பு. ஆறேழு மாதத்தில் "ப்பா ப்பா, ம்மா ம்மா". ஒரு வயதில் பேர் சொன்னால் திரும்புவது, டாட்டா காட்டுவது, வேண்டியதை விரலால் சுட்டுவது, ஒன்றிரண்டு சொல். இரண்டு வயதில் "அம்மா வா", "பாலு வேணும்" என்று இரண்டு சொல்லைத் தானே சேர்ப்பது.

ஒரு வயது முடிந்தும் பேருக்குத் திரும்பவில்லை, எதையும் சுட்டிக்காட்டவில்லை என்றாலோ, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை என்றாலோ, இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை என்றாலோ கூட்டிப் போங்கள். எந்த வயதிலும், பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழந்தால் அன்றே போங்கள்.

நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிறோமே, அது பெரிய பரிசோதனை. நீங்கள் விரல் நீட்டிய பக்கம் பிள்ளை பார்க்கிறதா? பார்த்துவிட்டு உங்கள் முகத்தையும் திரும்பிப் பார்க்கிறதா? தானும் விரல் நீட்டிக் காட்டுகிறதா? ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்கும் மருத்துவர் முதலில் தேடுவதில் இதுவும் ஒன்று. பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று தனியாக வைத்தார்களே, அந்த வயதுதான் இது.

எங்கே போவது? முதலில் காது கேட்கும் திறனைப் பாருங்கள். பிறந்த குழந்தைக்கே சில நிமிடத்தில் செய்யும் கருவி இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் வந்து பரிசோதிக்கிறார்கள். குறை தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பேச்சுப் பயிற்சியும் உடலியக்கப் பயிற்சியும் இலவசம்.

நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வராது, அதிகமானால் கெடுதல். செல்போனில் பாட்டுப் போட்டுக் கொடுத்தாலும் வராது. போன் பேசும், ஆனால் பிள்ளை பேசினால் பதில் சொல்லாது. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள்.

இரண்டு வயதில் தரையில் விழுந்து புரண்டு அழுகிறான். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோமா?

இல்லை. ஒன்றரை வயதை ஒட்டிக் கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று புரிகிறது. "நான்" வந்துவிட்டது, "எனக்கு" வந்துவிட்டது, ஆனால் அதைச் சொல்லச் சொல் போதவில்லை, அடக்க மூளை முதிரவில்லை. அதுதான் புரண்டு அழுகிறது. அடிக்காதீர்கள், கேட்டதையும் உடனே கொடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். பசி, தூக்கம் இரண்டும் சரியாக இருந்தாலே பாதி அழுகை குறையும்.

எல்.கே.ஜி.யில் எழுத மாட்டேன் என்கிறாள். எப்படிப் பழக்குவது?

மூன்று வயதுப் பிள்ளை பார்த்து வரையக்கூடியது வட்டம். நான்கில் சதுரம். ஐந்தில் முக்கோணம். மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாக இறுகி எட்டும் எக்ஸ்ரேயில் தெரியப் பத்து வயதை ஒட்டி ஆகிவிடும். இந்தக் கையில் இரண்டு பக்கம் வீட்டுப்பாடம் எழுதச் சொல்வது கொடுமை. மாவு பிசையட்டும், மணி கோக்கட்டும், மண்ணில் கிறுக்கட்டும். பல்லாங்குழிக்கு முத்து எடுத்துப் போடுவதே நல்ல விரல் பயிற்சி. இடக்கையால் எழுதினால் மாற்றாதீர்கள்.

நான்கு வயதில் பொய் சொல்லத் தொடங்கினால் பதற வேண்டாம். நான் அறிந்தது அம்மாவுக்குத் தெரியாது என்று புரிந்தால்தானே பொய் சொல்ல முடியும்? அந்தப் புரிதல் வரும் வயது அது.

பால் பல் விழத் தொடங்குவது எப்போது?

ஆறு வயதை ஒட்டி. பால் பற்கள் மொத்தம் 20. கவனிக்க வேண்டியது வேறு: ஆறாம் வயதில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பால் பல்தானே என்று சொத்தையாக விட்டுவிட்டால் திரும்ப முளைக்காது.

என் பையன் எவ்வளவு உயரம் வருவான்? உயரம் கூட்டும் பவுடர் கொடுக்கலாமா?

அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டுங்கள். பையனுக்கு 13 கூட்டி, பெண்ணுக்கு 13 கழித்து, இரண்டால் வகுங்கள். அப்பா 168, அம்மா 154 செ.மீ. என்றால் பையனுக்கு 167.5, பெண்ணுக்கு 154.5. இதற்கு 8 செ.மீ. மேலேயோ கீழேயோ வரலாம். பரம்பரை போடும் எல்லை இது. அந்த எல்லைவரை எட்டவைப்பது சாப்பாடு, தூக்கம், நோயின்மை. பவுடரில் பெரும்பகுதி சர்க்கரை. அந்தக் காசுக்கு முட்டை, கடலை, பயறு வாங்கலாம். கம்பியில் தொங்கினால் எலும்பு நீளாது. ஐந்து வயதுக்குமேல் ஆண்டுக்கு 4 செ.மீ.கூட வளராத பிள்ளையைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், தைராய்டு போன்ற குறை இருந்தால் மருந்தால் சரிசெய்யலாம்.

ஒன்பது வயதிலேயே மார்பு வளரத் தொடங்கிவிட்டது. சீக்கிரமா?

இல்லை. பெண்பிள்ளைக்கு 8 முதல் 13 வயதுக்குள் எப்போது தொடங்கினாலும் இயல்பு. நம் பழைய நூல்கள் 5 முதல் 7 வரை பேதை, 8 முதல் 11 வரை பெதும்பை, 12, 13 மங்கை என்று பிரித்திருக்கின்றன. பெதும்பை தொடங்கும் எட்டுதான் மருத்துவம் சொல்லும் கீழ் எல்லையும். மார்பு அரும்பி இரண்டு, இரண்டரை ஆண்டில் வயதுக்கு வருவாள், பெரும்பாலும் 12, 13ஐ ஒட்டி. எட்டுக்கு முன் தொடங்கினாலோ, 13 முடிந்தும் தொடங்காவிட்டாலோ, 15 முடிந்தும் மாதவிடாய் வராவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள்.

உயரத்தின் பெரிய பாய்ச்சல் வயதுக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடும். அதன்பின் கூடுவது 5 முதல் 7 செ.மீ.தான். ஆகவே நல்ல சாப்பாடு சடங்குக்குப் பிறகு என்று காத்திருக்காதீர்கள், ஒன்பது பத்து வயதிலேயே தேவை. உளுந்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் நல்லவைதான், பதினாறு நாளோடு நிறுத்திவிடாதீர்கள். முதல் இரண்டு ஆண்டு மாதவிடாய் முறையில்லாமல் வரலாம். இரும்புச்சத்து மாத்திரையைப் பள்ளியில் வாரம் ஒன்று தருகிறார்கள், விழுங்குகிறாளா என்று கேளுங்கள்.

மஞ்சள் நீராட்டு பற்றி என் கருத்து: ஊர் முழுக்க பேனர் வைப்பதற்கு முன் அந்தப் பிள்ளைக்கு அது வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உடம்பில் என்ன நடக்கிறது என்பதை அதற்கும் முன்பே, பத்து வயதில், அம்மா சொல்லிவிட வேண்டும். ரத்தத்தைப் பார்த்துத் தனக்குப் புற்றுநோய் என்று நினைத்துக் கழிவறையில் அழுத பிள்ளையை எனக்குத் தெரியும்.

ஆண்பிள்ளைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா?

கட்டாயம். பெண்ணுக்காவது சடங்கு என்று ஒன்று இருக்கிறது. பையன்களிடம் யாரும் பேசுவதில்லை. அவர்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள் விதைப்பை பெரிதாவதில் தொடங்கும். உயரப் பாய்ச்சல் பெண்களைவிட இரண்டு ஆண்டு தாமதம், அதனால்தான் ஏழாம் வகுப்பில் பெண்பிள்ளைகள் உயரமாகத் தெரிகிறார்கள். பாய்ச்சல் வந்தால் ஆண்டுக்கு 9, 10 செ.மீ.கூட வளர்வான். குரல் உடையும். பாதிக்கு மேற்பட்ட பையன்களுக்கு மார்புக்காம்பின் அடியில் சிறு கட்டிபோல் வரும். வெட்கப்பட்டுச் சட்டையைக் கழற்றாமல் குளிப்பான். ஓரிரு ஆண்டில் தானே மறையும் என்று அப்பாவோ மாமாவோ சொன்னால் அவன் நிம்மதியாகத் தூங்குவான். தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோய் இல்லை, சக்தியும் போகாது. இதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரம் வேறு மாதிரி சொல்லிப் பணம் பிடுங்கும். 14 முடிந்தும் மாற்றமே தொடங்காவிட்டால் காட்டுங்கள்.

பதினாறு வயது. இரவு முழுக்க விழிக்கிறான், காலையில் எழ மாட்டேன் என்கிறான், எதற்கெடுத்தாலும் கோபம்.

போனுக்கும் பங்கு உண்டு, ஆனால் உடம்புக்கும் பங்கு உண்டு. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இந்த வயதில் சுமார் இரண்டு மணி நேரம் தள்ளிச் சுரக்கிறது. தேவையோ 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். பதினொன்றரைக்குத் தூங்கும் பிள்ளையை நாலரைக்கு எழுப்பி டியூஷனுக்கு அனுப்பினால் கோபம் வராமல் என்ன செய்யும்?

மூளையில் உணர்ச்சியையும் ஆசையையும் கிளப்பும் பகுதிகள் முதலில் முதிர்கின்றன. யோசித்து அடக்கும் நெற்றிப்பக்க மூளை இருபத்தைந்தை ஒட்டித்தான் முழுமை பெறுகிறது. நண்பர்கள் பார்க்கும்போது இந்த வயதினர் தனியாக இருப்பதைவிட அதிகமாகத் துணிகிறார்கள் என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். வீட்டில் சாதுவாக இருக்கும் பையன் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பைக்கை முறுக்குவது அதனால்தான். சாவியை 18 வயதும் லைசென்சும் வரும் வரை கொடுக்காதீர்கள்.

கோபம் இயல்பு. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் யாரோடும் பேசாமல், சாப்பிடாமல், பிடித்த விளையாட்டையும் விட்டு ஒதுங்கினால் அது வயதுக் கோளாறு இல்லை. "செத்துடலாம்னு இருக்கு" என்று ஒரு தரம் சொன்னாலும் உண்மையாக எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிவு வரும் வாரங்களில் தனியாக விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் இலவசமாக மனநல ஆலோசனை பெறலாம்.

இருபது வயதோடு வளர்ச்சி முடிந்துவிடுகிறதா?

உயரம் முடிந்துவிடும். பெண்களுக்குப் பெரும்பாலும் 15, 16இல், ஆண்களுக்கு 17, 18இல் எலும்பு முனைகளின் வளர்ச்சித் தட்டுகள் மூடிக்கொள்கின்றன. எலும்பின் உறுதி முப்பதை ஒட்டும் வரை ஏறும், அதன்பின் இருப்பதைக் காப்பாற்றுவதுதான். ஆகவே கேழ்வரகும் பாலும் ஓட்டமும் வெயிலும் கல்லூரிப் பிள்ளைக்கும் வேண்டும். ஓட்டுரிமை 18இல் வந்துவிடுகிறது, 1989 வரை அது 21ஆக இருந்தது. பெண்ணுக்குத் திருமண வயதும் 18 என்று சட்டம் சொல்கிறது, ஆனால் மூளையின் கடைசிப் பகுதி அப்போதும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. படிப்பிலோ வேலையிலோ ஒரு முடிவை மாற்றிக்கொண்டால் "பொறுப்பில்லை" என்று ஒதுக்காமல் உட்கார்ந்து பேசுங்கள்.

வீட்டில் அந்த வயதுப் பெண் இருந்தால் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஹீமோகுளோபின் பாருங்கள். 12க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். கல்யாணம் முடிந்து மாசமான பிறகு தொடங்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ரத்தம் ஏற மாதக்கணக்கில் ஆகும்.